திருவனந்தபுரத்தில் வேலை: வீடு டவுனிலா, பாறசாலைப் பக்கமா?

வேலை கிடைத்து இங்கே வரும் தமிழ்நாட்டு நம்மவர்கள் முதலில் கேட்பது, "டவுனில் வாடகை அதிகமாமே, நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் வீடு எடுத்தால் மிச்சமாகுமா?" என்பதுதான். ஆகும். ஆனால் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

ஆபீஸ் நகர நடுவில் தம்பானூர், கிழக்கேகோட்டை, சாலை பஜார் என்றால் யோசிக்கவே வேண்டாம். நாகர்கோவில் ரயில் பாதையை ஒட்டி வீடு பாருங்கள்; மாத சீசன் டிக்கெட் போதும். கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் ஐடி வளாகம் என்றால் கணக்கே மாறும். கழக்கூட்டம் நகரத்துக்கு வடக்கே, பாறசாலை தெற்கே. பைபாஸ் இருந்தாலும் தினமும் பைக்கில் அவ்வளவு தூரம் போனால் வாடகையில் மிஞ்சியது பெட்ரோலுக்குப் போய்விடும். நாலு பேர் சேர்ந்து கழக்கூட்டம், ஸ்ரீகாரியம் பக்கமே வீடு எடுப்பதுதான் என் கட்சி.

புறநகரில் வீடு என்றால் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். ஏன் என்றால் ஆட்டோ. 2022 மே மாதக் கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15. வீடு ஐந்தரை கிலோமீட்டர் என்றால் 90 ஆகிறது. மாநகர எல்லைக்கு வெளியே ஒரு வழிப் பயணத்துக்கு, குறைந்தபட்சக் கட்டணம் போக மீதியில் பாதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆக 120. ராத்திரி பத்து மணிக்கு மேல் இன்னும் ஏறும். மாதத்தில் பத்து நாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் 1,200 ரூபாய் போச்சு.

புறநகர் வீடுகளில் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். தண்ணீர் பில் இருக்காது, மோட்டார் கரண்ட் பில்லில் வரும். ஏப்ரலில் கிணறு எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கேளுங்கள்.

இன்னும் சிலர் எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டில் நம் பக்கமே தங்கிவிடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், பெட்ரோல் விலை குறைவு, கேரளத்து மில்மா பாலைவிட ஆவின் பால் மலிவு. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ஆனால் அந்தச் சலுகை எல்லையோடு சரி. அங்கிருந்து கேரள பஸ்ஸுக்குக் காசு.

கேரளத்திலேயே தங்குகிறீர்கள், வண்டி டிஎன் நம்பர் என்றால் 12 மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்ட முடியாது. நம்பர் மாற்ற வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும். பழைய பைக் என்றால் ஊரில் விட்டுவிட்டு வருவதே லாபம்.