சங்குட் எஞ்சின் கெட்டுவிட்டதா? ரிப்பேரா, புதுசா என்று முடிவெடுப்பது எப்படி

பினாங்கின் பத்து மூசாங் படகுத்துறையில் நின்றால் பூலாவ் அமான் தீவு கண்ணெதிரே தெரியும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் ஒருமுறை எங்கள் சங்குட் எஞ்சின், அதாவது படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சின், நின்றுபோனது. மூடியைத் திறந்தால் கை வைக்க முடியாத சூடு. மச்சான் துடுப்புப் போட, நான் கயிறு வீச, ஒரு மீன்பிடி போட்காரர்தான் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். மறுநாள் ஒரு கடைக்காரர் எஞ்சினை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, "பிளாக் போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்றார். அனுபவமுள்ள ஒரு மாமா அதைப் பிரித்துப் பார்த்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லரில் ஆறு இறக்கைகளில் நான்கைக் காணோம். அதை மாற்றியதும் எஞ்சின் ஓடியது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் சோதியுங்கள், அப்புறம் விலை கேளுங்கள். எஞ்சினின் தலைப்பகுதி, அதாவது பிஸ்டனும் சிலிண்டரும் இருக்கும் இடம், நன்றாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அது போய்விட்டால் கணக்கே வேறு.

முதல் வேலை: கயிற்றை இழுக்காதீர்கள்

எஞ்சின் நின்றவுடன் நம் கை தானாக ஸ்டார்ட்டர் கயிற்றுக்குத்தான் போகும். அதை அடக்குங்கள். என்ன நடந்தது என்று யோசியுங்கள். கல்லில் அடித்ததா? சூடாகி நின்றதா? கடலில் மூழ்கியதா?

மூழ்கிய எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எஞ்சின்கள் அதிகமாகச் சாவது இங்கேதான். பினாங்குக்காரர்களுக்கு விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்று தெரியும். கட்டிவைத்த போட்டையே அது கவிழ்த்துவிடும். எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் உப்பு வேகமாக அரிக்க ஆரம்பிக்கும். அதனால் எடுத்த சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். உடனே முடியாதென்றால், குழாய்த் தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம்மில் எஞ்சினை மூழ்க வைப்பது, வெயிலில் காயப் போடுவதைவிட நல்லது. கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் உண்மை.

வேலை என்ன? நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கும்படி சாய்த்து, எஞ்சின் மேலே இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத்தான் நிறுத்தும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கிய எஞ்சினில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்க வாய்ப்புண்டு. மணல் உள்ளே போயிருந்தாலும் சுற்றக்கூடாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். தடங்கலில்லாமல் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றிச் சுற்றுங்கள். கார்புரேட்டரில் தங்கிய தண்ணீரை வடித்து, புது பெட்ரோல் போட்டு ஓட்டி, அரை மணி நேரமாவது நிறுத்தாமல் ஓட விடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயில் கலக்காத வகை) என்றால் எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பிளக் சொல்லும் சேதி

கழற்றிய பிளக்குகளை, எது எந்த சிலிண்டருடையது என்று மாறாமல், ஒரு துணியில் வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அது கார்புரேட்டர் கோளாறாகவோ மின்பொறிக் கோளாறாகவோ இருக்கலாம், இரண்டுமே சின்னச் செலவுதான். ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. சிலிண்டரையும் அதன் மூடியையும் இறுக்கி அடைக்கும் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

கம்ப்ரெஷன்: முடிவைத் தீர்மானிக்கும் சோதனை

கம்ப்ரெஷன் என்பது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம். அதை அளக்கும் மீட்டர் வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) இரவலும் கேட்கலாம். பெட்ரோல் டேங்கைத் தள்ளி வைத்து, எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு தொடும்படி வையுங்கள், பொறி பறக்கக்கூடாது. எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, மீட்டரை ஒரு துளையில் திருகி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஸ்டார்ட்டர் கயிற்றை நான்கைந்து முறை வலுவாக இழுங்கள். முள் நின்ற எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.

இங்கே எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். psi அளவில் ஒன்று 105, இன்னொன்று 100 என்றால் கவலையில்லை. 110-ம் 75-ம் வந்தால் உள்ளே காயம் இருக்கிறது. வித்தியாசம் 10 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் காஸ்கெட்டாக இருக்கலாம், அது பெரிய செலவல்ல.

கியர் ஆயில்

எஞ்சினின் கீழ்ப்பகுதியில், கியர் இருக்கும் இடத்தில் உள்ள இரண்டு திருகுகளையும் கழற்றி, ஆயிலை ஒரு கண்ணாடிக் குவளையில் வடியுங்கள். தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் மாற்றினால் போதும், ஆனால் தள்ளிப் போடாதீர்கள். திருகு முனையில் காந்தம் இருந்தால் அதை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். நகத்துண்டு அளவுக்கு இரும்பு வந்தால் பல்சக்கரம் உடைந்திருக்கிறது, செலவு சட்டென்று உயரும்.

எஞ்சின் அலறுகிறது, போட் நகரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சின்ன எஞ்சின்களில் காத்தாடியை (புரொப்பெல்லரை) பிடித்து வைக்கும் ஷியர் பின் உடைந்திருக்கும், பெரியவற்றில் காத்தாடியின் ரப்பர் நடுப்பகுதி வழுக்கியிருக்கும்.

சாமான் கிடைக்குமா?

சோதனை முடிந்தபின்தான் கடைக்குப் போக வேண்டும், மாடல் எண்ணோடு. யமஹா டூ ஸ்ட்ரோக் போல ஊரெல்லாம் ஓடும் எஞ்சினுக்குச் சாமான் தேடுவது எளிது. எவின்ரூட் எஞ்சின் உற்பத்தி 2020-லேயே நின்றுவிட்டது. அப்படிப்பட்ட எஞ்சினுக்குப் பெரிய செலவு செய்வதற்கு முன், தேவையான சாமான் கையில் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் கணக்கு. அதே மாடல் நல்ல நிலையில் பழையதாக என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். உதாரணத்துக்கு 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர் 2,000 வெள்ளியைத் தாண்டினால் நான் செய்யமாட்டேன். அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உதிர்கிறது என்றால், 1,000 வெள்ளிக்குக்கூட செய்யமாட்டேன். ஒரு போல்ட்டைக் கழற்றப் போய் மூன்று உடையும், கூலி ஏறிக்கொண்டே போகும்.

புது எஞ்சின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பொதுவாகக் கனம் அதிகம், பழைய சம்பானின் பின்பலகை தாங்குமா என்று பாருங்கள். பலகையின் உயரத்தை அளந்து, 15 அங்குலமா 20 அங்குலமா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். மீன்பிடி உரிமம் உள்ள போட் என்றால் எஞ்சின் மாற்றுவதற்கு முன்பே மீன்வளத் துறையில் கேட்டுவிடுங்கள்.

பழைய எஞ்சின் வாங்கினால் சீரியல் எண் தகடு இருக்கிறதா, சுரண்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் மூடியைத் திறந்து சிலிண்டர் மேல் கையை வையுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே அது சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை ஓட்டித் தயாராக வைத்திருக்கலாம். விலை பேசாமல், "நாளைக் காலையில் வருகிறேன், அண்ணே, நான் வரும்வரை தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.