வெட்டு நின்ற பிறகுதான் வேலை தொடங்குகிறது

சென்ற மாதம் பக்கத்துப் பேட்டையிலிருந்து நான்கு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். சாலை விரிவாக்கத்துக்காக அவர்கள் தெருவில் இருக்கும் மரங்களில் மஞ்சள் பெயிண்டால் எண் போட்டிருக்கிறார்கள். எப்படித் தடுக்கப்போகிறோம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, 2013இல் எங்கள் தெருவுக்காக நாங்கள் போட்ட திட்டத்தையே திரும்பக் கேட்பதுபோல் இருந்தது. அதே ஆர்வம், அதே ஓட்டைகள். மனுவில் தேதி போடுவது, ஒப்புகைச் சீட்டு வாங்குவது போன்றவை அவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்யக்கூடிய தவறுகளை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரு தலைப்பாக வைத்து எழுதுகிறேன்.

மரக் கணக்கை வெட்டுகிறவர்களிடமே விட்டுவிடுவது

எங்கள் தெருவில் வெட்டுப் பட்டியலில் பதினொரு மரங்கள் இருந்தன. அந்தப் பதினொன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பட்டியலிலேயே இல்லாத மூன்று புங்க மரங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போயின. அங்கே மரம் இருந்தது என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

முதல் மனுவை எழுதுவதற்கு முன்பே தெரு முழுவதையும் நீங்களே எண்ணிவிடுங்கள். மரத்தின் பெயர், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, எதிர்வீட்டுக் கதவு எண் தெரியும்படி ஒரு படம், இவ்வளவு போதும். தமிழ்நாட்டில் பொது இடத்து மரத்தை வெட்டும் விஷயம் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே உங்கள் கணக்கு இல்லாவிட்டால் வெட்டுகிறவர்களின் கணக்குத்தான் இருக்கும்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற வாக்கை நம்பிவிடுவது

வெட்டும் மரத்துக்கு ஈடாகப் புதுக் கன்றுகள் நடுவோம் என்பார்கள். எந்த இடத்தில், எந்த மாதம் நடுவார்கள், யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எழுத்தில் தராத கன்றுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெட்டு நின்றதும் கலைந்துபோவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

எட்டு மாதம் அலைந்து அந்தப் பதினொரு தூங்குமூஞ்சி மரங்களையும் காப்பாற்றினோம். உத்தரவு வந்த நாளில் தெருவில் பாயசம் வைத்துக் கொடுத்தோம். வாரக் கூட்டம் மாதக் கூட்டமானது, பிறகு நின்றே போனது. 2014 இறுதியில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வந்தார்கள். வடிகால் நல்லதுதானே, வெள்ளம் வடியுமே என்று எல்லோரும் மகிழ்ந்தோம். பொக்லைன் அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரே நேர்கோட்டில் தோண்டிக்கொண்டு போனது. தொடை பருமன் இருந்த வேர்கள் அறுபட்டுப் பள்ளத்தில் கிடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனேன். மரம் நிற்கிறதே என்று நினைத்தேன். பள்ளத்தை மூடியதும் அடிமரம் வரை சிமென்ட் பூசினார்கள். தெரு சுத்தமாகிவிட்டது என்று அதற்கும் மகிழ்ந்தோம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. நகரமெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் பதினொன்றில் ஏழு விழுந்தன. ஏழும் வடிகால் பக்கத்து மரங்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்த நான்கும் கிளைகளை மட்டும் இழந்து நின்றன. விழுந்த மரங்களின் தூரில் வடிகால் பக்க வேர்களின் முனைகள் தட்டையாக, கறுத்து, மக்கிப்போயிருந்தன. பிடிமானம் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, எங்களுக்குத்தான் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு பொறியாளர், "பழைய மரம் என்றாலே ஆபத்துதான், அன்றே சொன்னோம்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் பள்ளம் தோண்டியபோது எடுத்த ஒரு படமும் இல்லை.

வேர் ஆழமாகப் போகிறது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஏறக்குறைய இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. அகலத்திலோ கிளைகளின் நிழலையும் தாண்டிப் போகின்றன. பிரிட்டனின் கட்டுமானத் தரவிதிப்படி, அடிமர விட்டத்தைப்போல் 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதியாகக் கருதிக் காக்க வேண்டும். சுற்றளவு 220 செ.மீ. என்றால் விட்டம் 70 செ.மீ., காக்க வேண்டிய தூரம் 8.4 மீட்டர். நம் தெருக்களில் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆனால் வடிகாலை எதிர்ப்பக்கம் மாற்றலாம், மரத்தருகே வளைக்கலாம், அந்த இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டச் சொல்லலாம், பெரிய வேருக்கு அடியில் குழாயை நுழைக்கலாம். இவற்றையெல்லாம் பணி ஆணை வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். பொக்லைன் வந்து நின்ற பிறகு ஓட்டுநரிடம் கெஞ்சிப் பயனில்லை, அவரிடம் இருப்பது நேர்கோடு போட்ட வரைபடம்தான்.

சிமென்ட்டுக்கும் இதே கவனம் வேண்டும். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவிட்டது. உங்கள் மனுவோடு அதன் நகலை இணையுங்கள்.

தீர்ப்பு நாளன்று வீட்டுக்குப் போய்விடுவது

மும்பை ஆரே பகுதியில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக மரங்களை வெட்டுவதை எதிர்த்த வழக்குகளை 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே ரம்பங்கள் வந்துவிட்டன. 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் 2,141 மரங்கள் போய்விட்டன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், 2016 நவம்பர் 17 அன்று விடியற்காலை 5 மணிக்கு வந்து ஒரே சாலையில் எட்டு மரங்களை வெட்டினார்கள். மேல்முறையீட்டு மனு முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். அன்றிரவு தெருவில் யார் விழித்திருப்பார்கள் என்பதற்குப் பெயர்ப் பட்டியலும் இருக்கட்டும்.

உளுத்த மரத்துக்கும் வாதாடுவது

உளுத்ததை உளுத்தது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மற்ற மரங்களைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்போதுதான் நம்புவார்கள்.

அந்த இளைஞர்களோடு போன ஞாயிறு நாடாவை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் போனேன். பதினான்கு மரங்களையும் அளந்தோம். முனையில் இருக்கும் வேம்பின் சுற்றளவு 188 செ.மீ. அதன் அருகே யாரோ சுண்ணாம்பால் ஒரு நேர்கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கும் மரத்துக்கும் இரண்டு மீட்டர்கூட இல்லை. அது எதற்கான கோடு என்று கேட்டும், வடிகால் வரைபடத்தின் நகல் கேட்டும் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினார்கள். திங்கட்கிழமை கொடுக்கிறார்கள், நானும் உடன் போகிறேன்.