தண்ணீரைப் பிடிக்கப் போய் ஆல்கஹாலைப் பறிகொடுத்த கதை

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இருந்த தண்ணீரை எடுக்க வேண்டியிருந்தது. வாலை வடித்தலில் எடைக்கணக்கில் 88 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. அங்கே இரண்டும் ஒன்றாகவே ஆவியாகும். சரி, சவ்வு வழியாக ஆவியாக்கிப் பிரிக்கலாம் என்று கையிலிருந்த சிலிக்கோன் ரப்பர் சவ்வை மாட்டினேன். சவ்வைக் கடந்துவரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் குளிர்பொறியைத் திறந்ததும் குப்பென்று ஆல்கஹால் வாடை! சிலிக்கோன் கரிமத் திரவத்தை விரும்பும் சவ்வு. தண்ணீரிலிருந்து ஆல்கஹாலை எடுக்கத்தான் அது சரி. எனக்கு வேண்டியது நேர்மாறு.

அப்புறம் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரில் செய்த படலம். தண்ணீரை நன்றாகவே இழுத்தது, ஆனால் அளவுக்கு மீறி. படலம் ஊறி வழவழவென்று ஆகிவிட, தண்ணீரோடு ஆல்கஹாலும் நுழைந்தது. குளூட்டரால்டிஹைடும் துளி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து அந்தப் பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தேன். முதல் தடவை கை தாராளமாகிவிட்டது. மாட்டித் திருகாணியை இறுக்கும்போதே படலம் விரிசல் விட்டது. அளவைக் குறைத்ததும் படலம் தாங்கியது. பிணைப்பு கூடினால் தண்ணீரை மட்டும் தேர்ந்து விடும் திறன் மேம்படும், ஊடுருவும் வேகம் குறையும். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

இப்போதெல்லாம் மாட்டுவதற்கு முன் ஒரு துண்டை எடைபோட்டு, பிரிக்கப்போகும் அதே கலவையில் ஓர் இரவு ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடைபோடுகிறேன். எடை எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் அந்தப் படலம் குப்பைக்கூடைக்கு.