பிராத்திஸ்லாவாவில் ஓர் இரவு: முதல்முறை ஹாஸ்டலில் தங்குவோருக்கான செய்முறை விளக்கம்

வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவே, டான்யூப் ஆற்றங்கரையில் அமைந்த ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவா. முதுகுப்பையுடன் ஊர் சுற்றுவோரிடம் அதைப் பற்றி விசாரித்தால் "அரை நாள் போதும்" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழைய நகரம் மிகச் சிறியது. வியன்னாவின் அரண்மனைகளையோ பிராக் நகரின் கோபுரங்களையோ எதிர்பார்த்து வருகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனாலும், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர் காணும் ஊரும், ஓர் இரவு தங்கி மறுநாள் தெவீன் கோட்டைக்குப் போகிறவர் காணும் ஊரும் ஒன்றல்ல என்பது என் உறுதியான கருத்து. ஓர் இரவும் அதன் இருபுறத்துப் பகல்களும் கொண்ட பயணத்துக்கான வழிமுறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: விசாவும் நாள் கணக்கும்

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றுவர வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் ஸ்லோவாக்கியா 2007 டிசம்பரில் இணைந்தது. 2009 முதல் அங்கே யூரோ புழங்குகிறது. எனவே இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் இந்த ஊருக்கென்று தனி விசா எடுக்க வேண்டியதில்லை. பயணத்தில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. வியன்னாவில் நான்கு இரவும் இங்கே ஓர் இரவும் என்றால் ஆஸ்திரியாவிடம் விண்ணப்பிப்பதே முறை. தங்குமிடச் சான்றாக ஹாஸ்டல் (பொது அறையில் படுக்கைக் கணக்கில் வாடகைக்கு விடும் பயணியர் விடுதி) முன்பதிவையும் காட்டலாம் என்பதால், விசா கைக்கு வரும்வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய படுக்கையையே பதிவு செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

இரண்டாம் படி: ஹாஸ்டலைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பிராத்திஸ்லாவாவில் மது மலிவு என்ற பெயர் பரவியிருப்பதால், திருமணத்துக்கு முந்தைய நண்பர் விருந்துகளுக்காக வார இறுதிகளில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள். கீழ்த்தளத்தில் மதுக்கூடம் உள்ள ஹாஸ்டலில் வெள்ளி, சனி இரவுகளில் தூக்கம் கிடைப்பது அரிது. ஆகவே மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல், கடந்த சில மாதங்களில் வார இறுதியில் தங்கியவர்கள் இரைச்சலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். முடிந்தால் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான ஓர் இரவைத் தேர்ந்துகொள்ளுங்கள். கட்டணமும் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, மைக்கேல் வாயில் எனப்படும் பழைய நகர மதில் வாயிலிலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருந்தால் போதும். ஆற்றுக்கு அப்பால் உள்ள பெட்ர்ஷல்கா, சோசலிச ஆட்சிக் காலத்தில் கான்கிரீட் பலகைகளால் கட்டப்பட்ட பெரும் குடியிருப்புப் பகுதி. அது பார்க்கத் தகுந்த இடமே என்றாலும், ஓர் இரவு மட்டும் தங்குகிறவருக்கு வசதிப்படாது.

பொது அறையில் நான்கு படுக்கையும் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம். முதல்முறை தங்குகிறவர்கள் நான்கு அல்லது ஆறு படுக்கை அறையை எடுப்பது நல்லது. பெண்களுக்கு மட்டுமான அறை வேண்டுமென்றால் பதிவின்போதே அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் கட்டுமுன், பெட்டகத்துக்குப் பூட்டு தருவார்களா, துண்டுக்குத் தனிக் கட்டணமா, வரவேற்பு மேசையில் இரவு முழுவதும் ஆள் இருப்பாரா, அறையைக் காலி செய்த பிறகு பையை வைத்துவிட்டுப் போகலாமா என்ற நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். நகராட்சியின் தங்கும் வரி, பதிவுத் தொகையில் சேராமல் நேரில் வசூலிக்கப்படுவதுண்டு. கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: போய்ச் சேருதல்

வியன்னாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரண்டு தடங்கள் உள்ளன: ஒன்று முதன்மை நிலையமான ஹ்லவ்னா ஸ்தனித்சாவுக்கும், மற்றொன்று ஆற்றுக்குத் தெற்கே பெட்ர்ஷல்கா நிலையத்துக்கும் செல்லும். பெயரைக் கவனித்து ஏறுங்கள். வியன்னா விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்துகளும் உண்டு. நகரப் பேருந்திலும் டிராமிலும் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறியவுடன் அதை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத சீட்டு செல்லாது.

நான்காம் படி: ஹாஸ்டலில் முதல் ஒரு மணி நேரம்

பெரும்பாலான ஹாஸ்டல்களில் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு மேல்தான் படுக்கை தருவார்கள். கடவுச்சீட்டைக் காட்டி, சாவியைப் பெற்று உள்ளே போனதும், முதலில் கடவுச்சீட்டையும் பணத்தையும் பெட்டகத்தில் பூட்டுங்கள். அடுத்ததாக, இரவில் தேவைப்படும் பல்துலக்கி, மாற்றுடை, மின்னேற்றி, காதடைப்பான் ஆகியவற்றைப் பகலிலேயே தனிப் பையில் எடுத்துத் தலையணை அருகே வைத்துவிடுங்கள். நள்ளிரவில் விளக்கைப் போட்டு நெகிழிப் பைகளைக் கிளறுவது உடன் தங்குவோரை மிகவும் வருத்தும் செயல். குளியலறைக்குச் செருப்பு அவசியம்.

ஐந்தாம் படி: மாலை நடை

பழைய நகரத்தில் எல்லோரும் படம் எடுக்கும் இடம், பாதாளச் சாக்கடைத் திறப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் சூமில் என்ற வெண்கலச் சிலை. 1997இல் வைக்கப்பட்டது, ஐந்து நிமிடம் போதும். நேரத்தைப் புனித மார்ட்டின் பேராலயத்துக்கு ஒதுக்குங்கள். துருக்கியர் ஹங்கேரியின் பெரும்பகுதியைப் பிடித்த பின்னர், 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய மன்னர்களுக்கு இங்கேதான் முடிசூட்டினார்கள்; மரியா தெரேசா 1741இல் முடிசூடியதும் இங்கேயே. கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதிலாக ஹங்கேரிய மணிமுடியின் பொன்முலாம் பூசிய உருவம் இருக்கும்.

இந்த ஊர் ஏன் வியன்னாவைப் போல இல்லை என்பதற்கு விடையும் அங்கேயே இருக்கிறது. பேராலயத்தை ஒட்டியே ஒரு பெருஞ்சாலை ஓடி, 1972இல் திறக்கப்பட்ட எஸ்என்பி (ஸ்லோவாக்கிய தேசிய எழுச்சி) பாலத்தில் ஏறுகிறது. சாலைக்காகப் பிராத்திஸ்லாவா கோட்டைக்கும் பேராலயத்துக்கும் இடையில் இருந்த யூதர் குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்தார்கள். பேராலயத்தின் பக்கத்திலேயே நின்ற யூத வழிபாட்டுக் கூடமும் போயிற்று. அது நின்ற இடத்தில் அதன் உருவம் பொறித்த கருஞ்சுவர் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அங்கே சற்று நில்லுங்கள். பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்து போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பிறகு கோட்டைக்கு ஏறுங்கள். 1811இல் எரிந்து, நூறாண்டுக்கும் மேல் இடிபாடாகக் கிடந்து, 1950களில்தான் மறுகட்டுமானம் தொடங்கிய கட்டடம் அது. அதன் மினுமினுப்பு புதியதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். கோட்டை மேட்டிலிருந்து ஆறும் பாலமும் பெட்ர்ஷல்காவும் முழுதாகத் தெரியும், கட்டணமில்லை.

ஆறாம் படி: சாப்பாடு

வார நாட்களில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை உணவகங்களில் டென்னே மெனு என்று பலகை வைத்திருப்பார்கள். சூப்பும் ஒரு முதன்மை உணவும் சேர்ந்த மதியச் சாப்பாடு அது. அலுவலகம் போகிறவர்கள் உண்பது என்பதால் மாலை விலையைவிடக் கணிசமாகக் குறைவு. ஆட்டுப்பால் சீஸ் கலந்த உருளைக்கிழங்கு மாவுருண்டைகளான பிரிந்த்சோவே ஹலுஷ்கியின் மேல் பன்றிக்கொழுப்பு வறுவலைத் தூவுவது வழக்கம். சைவர்கள் அதை நீக்கித் தரும்படி முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இரவுக்கு ஹாஸ்டல் சமையலறையே சிக்கனம். பெரும்பாலான பொது விடுமுறை நாட்களில் பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும் என்பதால், பொருட்களை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

ஏழாம் படி: மறுநாள் தெவீன்

காலையில் அறையைக் காலி செய்து, பையை ஹாஸ்டலிலேயே ஒப்படைத்துவிட்டு, எஸ்என்பி பாலத்தின் அடியிலிருந்து புறப்படும் 29ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில், செங்குத்தான பாறை மேல் நிற்கிறது தெவீன் கோட்டை. 1809இல் நெப்போலியனின் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. மொராவாவின் எதிர்க்கரை ஆஸ்திரியா. சோசலிச நாடுகளை மேற்கு ஐரோப்பாவிலிருந்து பிரித்த எல்லைத் தடுப்பான இரும்புத்திரை 1989 வரை இந்தக் கரையோரமாகவே சென்றது. ஆற்றைக் கடந்து தப்ப முயன்று உயிரிழந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் கோட்டை அடிவாரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் திறப்பு நேரம் குறையும் என்பதால் முந்தைய நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். போய்வர அரை நாள் ஆகும். மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஊருக்குள் திரும்பிவிட்டால், சாப்பிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் புடாபெஸ்டுக்கோ வியன்னாவுக்கோ அவசரமின்றிப் புறப்படலாம்.