பிப்ரவரி கடைசியில் நியூ ஜெர்சியிலிருந்து ஃபீனிக்ஸுக்கு: மோட்டார்ஹோமில் வேலைக்குப் போவது எப்படி?

அரிசோனாவில் ஆறு மாத புராஜெக்ட். க்ளையன்ட் ஆபீசுக்கு மார்ச் நடுவில் போய்ச் சேர வேண்டும். அதுவரை வேலை ஆன்லைனில் ஓட வேண்டும். அங்கே அபார்ட்மென்ட் எடுப்பதற்குப் பதில் வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு போகலாமே என்ற எண்ணம் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் மோட்டார்ஹோம் பற்றிக் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் கோடைக்கால விடுமுறைக்கு எழுதப்பட்டவை. குளிர்காலம் முடிந்தும் முடியாத இந்த நேரத்தில், அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை மீட்டிங் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அவை போதாது. முதல்முறை போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: முதலில் தெற்கே இறங்குங்கள், அப்புறம் மேற்கே திரும்புங்கள். குழாயில் தண்ணீர் ஏற்றுவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். ஓட்டுகிற நாளில் வேலை வேண்டாம், வேலை நாளில் ஓட்ட வேண்டாம்.

படி 1: ஆபீசில் எழுத்தில் அனுமதி

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்களின் வேலையிடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் புதிய எல்.சி.ஏ.வும் (கம்பெனி தொழிலாளர் துறையில் தாக்கல் செய்யும் விண்ணப்பம்) திருத்திய விசா மனுவும் வேண்டியிருக்கும். வழியில் சில நாள் வேறு மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்வது வேறு, ஃபீனிக்ஸில் ஆறு மாதம் தங்குவது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, கம்பெனி வக்கீலிடமிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். எந்த மாநிலத்தில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று ஒரு கணக்கும் வைத்திருங்கள். வருமான வரி விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), வேலை அனுமதி ஆவணங்கள் எல்லாம் வண்டியிலேயே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நியூ மெக்சிகோவில் லாஸ் க்ரூசஸ் தாண்டி ஐ-10 நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி உண்டு. அங்கே நின்றுகொண்டு பரணில் பெட்டியைத் தேட முடியாது.

படி 2: வண்டி

கிளாஸ் ஏ என்பது பஸ் மாதிரி பெரியது. கிளாஸ் பி என்பது வேன். நடுவில் இருப்பது கிளாஸ் சி. ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். புதியவர்களுக்கு 24 முதல் 28 அடி வரையுள்ள கிளாஸ் சி-யைத்தான் நான் சொல்வேன். இந்த அளவு வண்டிகளுக்குச் சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் மீட்டிங்கில் பேசவும் இடம் இருக்கும்.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் இரண்டு விஷயம் கேளுங்கள். அடிப்பாகம் மூடப்பட்டு, ஃபர்னஸ் (புரொப்பேன் வாயுவில் எரிந்து வண்டியைச் சூடாக்கும் கருவி) சூடு தண்ணீர் டேங்குகள் வரை போகிறதா? டயர் எந்த வருடத்தியது? டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 0821 என்றால் 2021-ஆம் ஆண்டின் 8-ஆவது வாரம் செய்தது. பார்ப்பதற்குப் பட்டை நன்றாக இருந்தாலும் மோட்டார்ஹோம் டயர் வயதால் கெடும்.

வண்டியின் உயரத்தை அடி, அங்குலக் கணக்கில் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பெரும்பாலும் 11 முதல் 12 அடி இருக்கும். பெட்ரோல் பங்க் கூரை, தாழ்வான பாலம், உணவகத்தின் ட்ரைவ்-த்ரூ எதுவானாலும் முதலில் அந்தச் சீட்டைப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

படி 3: பாதை

வரைபடத்தில் நேர்க்கோடு ஐ-80 அல்லது ஐ-70 பக்கம் இழுக்கும். பிப்ரவரியில் வேண்டாம். ஐ-80 வயோமிங்கில் லாராமிக்கு அருகே 8,640 அடி உயரத்தைத் தொடுகிறது. லாராமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் காற்றுக்காகவே சாலையை மூடுவார்கள். ஐ-70 கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,000 அடியைத் தாண்டுகிறது. ஐ-40 பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடியில் இருக்கிறது, மார்ச்சிலும் பனி கொட்டும்.

நான் சொல்லும் பாதை: ஐ-95-இல் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் வரை. அங்கிருந்து ஐ-85-இல் அட்லாண்டா. பிறகு ஐ-20 பிடித்து பர்மிங்ஹாம், ஜாக்சன், ஷ்ரீவ்போர்ட், டாலஸ். மேற்கு டெக்சஸில் பேகோஸ் தாண்டி ஐ-20 போய் ஐ-10-இல் சேரும். அதிலேயே எல் பாசோ, டூசான், ஃபீனிக்ஸ். மொத்தம் சுமார் 2,700 மைல். உயரம் பெரும்பாலும் 5,000 அடிக்குள்ளேயே இருக்கும். காலனுக்கு 9 மைல் என்று வைத்தால் 300 காலன் பெட்ரோல் ஆகும். பட்ஜெட்டில் பெரிய செலவு இதுதான்.

முதல் நாளே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பால்டிமோரில் ஐ-95 துறைமுகத்துக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. மோட்டார்ஹோமில் இருக்கும் அளவு புரொப்பேனுடன் அந்தச் சுரங்கங்களுக்குள் போகக் கூடாது. முன்பு ஆர்.வி.காரர்கள் (மோட்டார்ஹோம் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள்) கீ பிரிட்ஜ் என்ற பாலம் வழியாகப் போவார்கள்; அது 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி இடிந்துவிட்டது. எனவே ஐ-695 சுற்றுச்சாலையில் நகரத்தின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். கார் ஜி.பி.எஸ். இதைச் சொல்லாது. வண்டியின் உயரம், புரொப்பேன் விவரமெல்லாம் பதியக்கூடிய ஆர்.வி. ஜி.பி.எஸ். செயலி ஒன்று அவசியம்.

தெற்கே போய்விட்டால் பனியே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரி 11 அன்று டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் உறைமழையால் வழுக்கி 130-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. ஆறு பேர் இறந்தார்கள். உறைமழை முன்னறிவிப்பு இருந்தால் நின்ற இடத்திலேயே இன்னொரு நாள் தங்குங்கள். அதற்காகவே அட்டவணையில் இரண்டு நாளாவது சும்மா விட்டு வையுங்கள். தினமும் காலை தேசிய வானிலை சேவையின் தளம், அப்புறம் அந்தந்த மாநிலத்தின் சாலைத் தகவல். இரண்டையும் பார்க்காமல் சாவியைத் தொட வேண்டாம்.

படி 4: தண்ணீர்

புதியவர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம் இது. வண்டி குளிர்காலத்துக்காகக் குழாயெல்லாம் வடித்து, இளஞ்சிவப்பு நிற ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி வைக்கப்பட்டிருக்கும். நியூ ஜெர்சியில் அதை அப்படியே விடுங்கள். கிளம்பும் ஆர்வத்தில் டேங்க்கை நிரப்பிவிட்டால், வர்ஜீனியாவில் ஒரே இரவில் குழாயும் பம்ப்பும் வெடிக்கலாம்.

முதல் சில நாள் குடிக்க, சமைக்க, பல் தேய்க்க எல்லாம் கேன் தண்ணீர்தான். கேன்களை உள்ளே, காலடியில் வையுங்கள். கழிப்பறையில் அதே இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸைக் கொஞ்சம் ஊற்றித் தள்ளலாம். கார் என்ஜினுக்கு ஊற்றுவது வேறு சரக்கு, விஷம். அது இந்தப் பக்கமே வரக் கூடாது. குளியலுக்கு டிரக் ஸ்டாப்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் தனி அறை, சூடான வெந்நீர், துண்டு.

அட்லாண்டா தாண்டி, அடுத்த சில இரவுகள் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல்தான் இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால், அப்போது தண்ணீர் ஏற்றலாம். வாட்டர் ஹீட்டரின் வடிகால் அடைப்பானை முதலில் திருகி மூடுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டருக்குள் எதுவும் போகாமல் தடுத்து வைத்திருக்கும் பைபாஸ் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். பிறகு தண்ணீரைத் திறந்து ஒவ்வொரு குழாயாக, முதலில் குளிர்ந்த பக்கம், அப்புறம் சூடான பக்கம் என ஓடவிடுங்கள். இளஞ்சிவப்பு மங்கி, நுரை போய், தெளிந்த நீர் வரும்வரை விட வேண்டும். ஷவரையும், வண்டிக்கு வெளியே இருக்கும் குழாயையும் மறக்க வேண்டாம். சூடான குழாயில் காற்று இல்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் ஹீட்டர் சுவிட்ச். காலி ஹீட்டரில் மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்பி நொடியில் கருகிவிடும்.

அதன் பிறகும் ஒரு இரவு உறைநிலைக்குக் கீழே போனால், நிறுத்துமிடத்துக் குழாயிலிருந்து வண்டிக்கு வரும் ஹோஸைக் கழற்றி உதறி உள்ளே வைத்துவிட்டு, டேங்க் தண்ணீரையே பம்ப்பில் பயன்படுத்துங்கள். சிங்க் அடியில் இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். கிரே டேங்க் (சிங்க், ஷவர் கழிவுநீர் சேரும் டேங்க்) வால்வு மூடியே இருக்கட்டும். திறந்திருந்தால் சொட்டுச் சொட்டாக வடியும் நீர் கழிவுக் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

படி 5: சூடு, புரொப்பேன், பேட்டரி

சாதாரணமாக 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) ஃபர்னஸ் தொடர்ந்து ஓடினால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு காலன் புரொப்பேன் போகும். விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு குளிர் இரவுக்கு ஒன்றரை காலன் அளவில் ஆகலாம். பாதி டேங்க் குறைந்ததும் நிரப்பிவிடுங்கள்.

புரொப்பேனைச் சேமிக்கிறேன் என்று இரவு முழுவதும் மின்சார ஹீட்டரை மட்டும் வைத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. உள்ளே கதகதப்பாக இருக்கும். ஆனால் ஃபர்னஸ் ஓடாததால் அடிப்பாகத்துக்குச் சூடு போகாது, குழாய் உறையும். உறையும் இரவில் ஃபர்னஸ் ஓடத்தான் வேண்டும். அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில்தான் சுற்றுகிறது என்பதால், மின் இணைப்பு இல்லாத இடத்தில் விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடலாம். லித்தியம் பேட்டரி என்றால் இன்னொன்று: அதன் உட்பகுதி உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது.

சமையல் அடுப்பை ஏற்றி வண்டியைச் சூடாக்குவது ஒருபோதும் கூடாது. அதிலிருந்து வரக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. டிடெக்டரைக் கிளம்பும் முன் அழுத்திச் சோதியுங்கள். காலாவதி தேதியும் அதன் மேல் இருக்கும். கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும் என்று அதைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்; கூரை விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். அந்த விசிறி மூடியை இரவிலும் ஒரு விரல்கடை திறந்து வைத்தால் ஜன்னலில் நீர் கோத்து வடியாது.

படி 6: வேலை நாளும் ஓட்டும் நாளும்

மோட்டார்ஹோமில் ஒரு நாளைக்கு 250 மைல் நல்ல ஓட்டம், 320 என்றால் நீண்ட நாள். இந்த மாதத்தில் ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். ஐந்து மணிக்கு லாக்-ஆஃப் செய்துவிட்டுக் கிளம்புவது வேண்டாம். கறுப்பு ஐஸ் (சாலையில் படியும் மெல்லிய பனிக்கட்டிப் படலம்) இருட்டில் தெரியாது. பாலங்கள்தான் முதலில் உறையும்.

என் திட்டம் இப்படி: வெள்ளி, திங்கள் விடுப்பு எடுத்து, நான்கு நாளில் சுமார் 1,000 மைல் ஓட்டி பர்மிங்ஹாம் பக்கம் சேருங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை அங்கேயே வேலை. சனி, ஞாயிறில் டாலஸ். அங்கே திங்கள் முதல் வியாழன் வரை வேலை; இர்விங், ஃப்ரிஸ்கோ பக்கம் நம்மூர் மளிகை எல்லாம் கிடைக்கும், இட்லி மாவும் சேர்த்து. இந்தக் குளிரில் வண்டிக்குள் மாவு புளிக்காது. பிறகு மறுபடி வெள்ளி, திங்கள் விடுப்பு எடுத்து, அந்த நான்கு நாளில் கடைசி 1,050 மைல்.

வண்டி நிறுத்தித் தங்கும் முகாமில் மின் இணைப்பு 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட்தான். 1,500 வாட் ஹீட்டர், 1,400 வாட் வாட்டர் ஹீட்டர் ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழும். மீட்டிங் நேரத்தில் யாரும் மைக்ரோவேவ் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிவிடுங்கள். இன்டர்நெட்டுக்கு இரண்டு வழி வேண்டும்: ஒன்று செல்போன் டேட்டா, இன்னொன்று வேறு நிறுவனத்தின் டேட்டாவோ ஸ்டார்லிங்கோ. முகாமின் வைஃபையை நம்பி டெமோ வைக்காதீர்கள்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி முன்னால் போகும். அரிசோனாவில் (நவாஹோ பழங்குடியினரின் பகுதி தவிர) மாற்றமே கிடையாது. இந்தியாவிலும் கிடையாது. எனவே ஃபீனிக்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு சென்னையோடு வருடம் முழுவதும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்தான்: ஃபீனிக்ஸில் இரவு 7 என்றால் சென்னையில் மறுநாள் காலை 7.30. ஆஃப்ஷோர் டீமுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 7: மேற்கு டெக்சஸும் அதற்கு அப்பாலும்

இங்கே பனியைவிடக் காற்றுதான் எதிரி. பக்கவாட்டுக் காற்று மோட்டார்ஹோமை அடுத்த லேனுக்கே தள்ளும். பலத்த காற்று எச்சரிக்கை என்றால் கிளம்பாதீர்கள். காற்று பொதுவாக மதியத்துக்கு மேல்தான் வலுக்கும். விடிந்ததும் கிளம்பி ஒரு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவது நல்லது. வேகம் 60 போதும். குளிரில் டயர் காற்று இறங்கும். ஓட்டும் முன், டயர் ஆறியிருக்கும்போதே அளந்து நிரப்புங்கள்.

நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க் பக்கம் தூசிப் புயல் எழுந்தால் சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்து வந்து மோதுவார்.

மிட்லண்ட், ஒடெஸா, பேகோஸ் பகுதி ஆர்.வி. பார்க்குகள் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களால் நிரம்பியிருக்கும். அங்கே இரவு தங்குவதற்கு முன்பதிவு செய்யுங்கள். டெக்சஸின் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை நிற்கலாம், அது ஒரு நல்ல மாற்று.

படி 8: ஃபீனிக்ஸில் இடம்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது. வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவர்கள் ஏப்ரல் வரை அரிசோனாவில்தான் இருப்பார்கள். போதாததற்கு மார்ச்சில் பேஸ்பால் பயிற்சி ஆட்டங்களுக்கு வேறு கூட்டம் வரும். மாத வாடகை இடத்தை வண்டி கிடைத்த நாளிலேயே பதிவு செய்யுங்கள். பல பார்க்குகளில் மாதக் கட்டணத்தில் மின்சாரம் சேராது, மீட்டர் தனி. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற விதியும் நிறைய இடத்தில் உண்டு. போன் செய்யும்போதே கேளுங்கள்.

வடகிழக்குச் சாலைகளில் தூவும் உப்பு வண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். டெக்சஸில் ஏதாவது ஒரு டிரக் வாஷில் நிறுத்தி அடிப்பாகத்தை முழுவதும் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். பிரேக் குழாய்கள், படிக்கட்டு மோட்டார், டேங்க் தாங்கும் கம்பிகள் எல்லாம் துரு பிடிப்பது அந்த உப்பால்தான்.