பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வளவில் உட்கார்ந்து ஆடுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நிலவறைக்குள் புகுந்து புதையல் தேடும் பகடை ஆட்டம். இங்கே சொல்வதெல்லாம் நடத்துபவருக்கு. பழைய ஆட்டத்தைக் கையில் எடுத்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, அலுப்பான விதிகளைக் கழித்துக்கட்டுவது. தீவட்டிக் கணக்கு வேண்டாம், மூட்டை எடை வேண்டாம் என்பார்கள். கழிக்காதீர்கள். 1981இல் வந்த டாம் மோல்ட்வேயின் பேசிக் விதிநூல் மொத்தம் 64 பக்கம். அதன் ருசியே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வட்டிக்கடைப் பேரேடு புரண்ட காரைக்குடியில் கணக்குக்கு யாரும் பயப்படமாட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகவே பயப்படுகிறார்கள்.

முதலில் வெளிச்சம். ஒரு டர்ன் என்பது 10 நிமிடம். ஒரு தீவட்டி 6 டர்ன் எரியும். ஆறு புளியங்கொட்டையை நடுவில் வைத்து, டர்னுக்கு ஒன்றாக எடுத்துவிடுங்கள். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள். 1 விழுந்தால் ஏதோ ஒன்று வருகிறது. “சித்தி, இந்தச் சுவரை இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிறோம்” என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், ஒரு கொட்டையை எடுங்கள். அதற்கப்புறம் யோசித்துத்தான் கேட்பார்கள்.

வருவது எல்லாமே பாயாது. இரண்டு பகடையைக் கூட்டுங்கள்: 2 என்றால் உடனே தாக்கும், 12 என்றால் நட்பு, நடுவே பேரத்துக்கு இடமுண்டு. சண்டையே மூண்டாலும் எதிரிகளில் முதல் ஆள் செத்ததும், பிறகு பாதிப்பேர் விழுந்ததும் மோரேலுக்கு, அதாவது அவர்கள் துணிவுக்கு, இரண்டு பகடையை உருட்டுங்கள். காப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்கு மோரேல் 7. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் ஓட்டம்தான்.

இனி பொன். வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி; அது சேரச்சேரத்தான் பாத்திரம் நிலை உயரும். ஒரு காப்ளினைக் கொன்றால் வெறும் 5. சண்டைக்காரன் இரண்டாம் நிலைக்குப் போக 2,000 புள்ளி வேண்டும். ஆனால் ஒருவன் சுமக்கக்கூடியது அதிகபட்சம் 1,600 காசு எடை, அதுவும் ஆமை வேகத்தில். ரத்தினம் ஒன்றின் எடையோ ஒரே காசு. இதைச் சொன்னவுடன் பக்கத்தில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆச்சி, “பின்னே, வைரத்தை விட்டுட்டு எவனாவது சில்லறையைத் தூக்குவானா?” என்றார். விதிநூலை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. மூட்டை எடையைக் கழித்துவிட்டால் இந்தத் தடுமாற்றமே ஆட்டத்தில் இருக்காது.

அடி படாமல் காக்கும் கவசத்தின் அளவுதான் கவச எண்; அது கீழே போகப்போக வலுவாவது புதியவர்களைக் குழப்பும். ஆரம்ப நிலைக்கு 19இலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழியுங்கள். சங்கிலிக் கவசம் 5 என்றால் அடி விழ இருபதுமுகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் வேண்டும். அவ்வளவுதான். நாலுமுகப் பகடை தொலைந்துபோனால் பித்தளைத் தாயக்கட்டை ஒன்று போதும், வெறும் பக்கத்தை 4 என்று வைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்துக்கு எங்கும் போக வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கல்லுக்குப் பத்தடி. நிலவறையையும் நம் வீட்டைப் பார்த்தே வரையலாம்: முகப்பு, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாங்கட்டு, ஆளுக்கொரு சாவி போட்ட அறைகள். எந்தப் பங்காளியின் அறை எது என்று தெரியாமல் திறப்பதே போதுமான ஆபத்து.

சாவு அடிக்கடி வரும். உயிர்ப்புள்ளி 0 என்றால் போய்ச் சேர்ந்தாச்சு; மந்திரவாதி ஆரம்பிப்பதே நாலுமுகப் பகடை ஒன்றில் விழும் புள்ளியோடுதான். அதனால் ஆரம்பத்திலேயே கூலியாள் அமர்த்தச் சொல்லுங்கள். அவனுக்கு அனுபவத்தில் அரைப் பங்கு. தலைவன் செத்தால் கூலியாளின் விவரம் எழுதிய தாளைத் தலைவனாக ஆடிய பிள்ளை கையில் கொடுங்கள், ஆட்டம் நிற்காது.

கடைசியாக ஒன்று: ஒவ்வொரு அமர்விலும் எல்லோரும் நிலவறையை விட்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். பொங்கலுக்கு வந்தவர் திருவிழாவுக்கு வருவார் என்று சொல்ல முடியாது. வராதவரின் பாத்திரம் சத்திரத்தில் தங்கியிருக்கட்டும். தாள்களை மட்டும் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ கொடுத்தனுப்பாமல் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.