காட்டில் வாழும் குறுமக்களை உருவாக்குவோம்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை ஆடும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விதிகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘சொந்தமாக ஒரு காட்டு இனத்தை உருவாக்கு’ என்று சொன்னால் பலரும் பச்சைச் சட்டை, வில் அம்பு, மரவீடு என்று மூன்று வரி எழுதி நிறுத்திவிடுகிறார்கள். ஆடத் தொடங்கி அரைமணி நேரத்தில் அந்த இனத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

நிலத்திலிருந்து தொடங்கினால் இந்தப் பஞ்சம் வராது. அதற்கான முறையும் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழ்பவர் மனத்தில் ஊறும் உணர்வு உரிப்பொருள். முதல், கரு, உரி: இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கூடவே நானும் மாதிரிக்கு ஓர் இனத்தைக் கட்டிக்கொண்டு வருகிறேன். மரப்பொந்தில் வாழும் குள்ளர்களான அவர்களுக்குப் பொந்தர் என்று பெயர்.

படி 1: உடம்பை அளந்துகொள்ளுங்கள்

1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு விதிகளில், ஹாஃப்லிங் எனப்படும் குறுமக்கள் ஏறக்குறைய 3 அடி உயரம், 40 பவுண்டு எடை. நம் கணக்கில் 90 சென்டிமீட்டர், 18 கிலோ. பொந்தருக்கும் இதே அளவுதான். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் ஓடி விளையாடும் மூன்று வயதுப் பிள்ளையின் உயரம்தான்.

இந்த உயரத்தோடு காட்டுக்குள் நடந்து பாருங்கள். தோட்டத்தில் கிழங்கு தோண்ட வரும் காட்டுப்பன்றி அவர்களுக்கு நெஞ்சளவு நிற்கும். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 2 கிலோ டுரியான் முள்பழம் நம் தலையையே பிளக்கும். 18 கிலோ ஆளுக்குச் சொல்லவே வேண்டாம். எனவே டுரியான் விழும் காலத்தில் பொந்தர் ஊரில் இரவு நடமாட்டத்துக்குத் தடை. பாருங்கள், உயரத்தை எழுதியதுமே ஒரு சட்டம் கிடைத்துவிட்டது.

படி 2: நிலமும் பொழுதும்

‘அடர்ந்த காடு’ என்று எழுதாதீர்கள். எந்தக் காடு என்று எழுதுங்கள். நமக்குப் பேராக் மலைக்காடு பக்கத்திலேயே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒருவகை அத்தி உண்டு. பறவை எச்சத்தோடு விதை வேறொரு மரத்தின் கிளையில் விழுந்து முளைக்கும். வேரைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். காலப்போக்கில் உள்ளே இருக்கும் மரம் செத்து மக்கிவிட, அத்தி மட்டும் நடுவில் கூடாக நிற்கும். நமக்கு அது ஒண்டி நிற்கும் இடம். 90 சென்டிமீட்டர் ஆளுக்கு மாடி வைத்த வீடு. பொந்தர் வாழ்வது அங்கேதான்.

பொழுதுக்கு வருவோம். இங்கே பனி இல்லை, வசந்தம் இல்லை. அயல்நாட்டுக் கதைகளிலிருந்து அறுவடை விழாவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நம் காட்டுக்கென்று ஓர் அதிசயமான பொழுது உண்டு: மெராந்தி முதலான பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கான இடைவெளி இல்லாமல், பல இனங்கள் சேர்ந்து ஒரே காலத்தில் பூத்துக் காய்க்கும். பொந்தர் வயதை எண்ணுவது இந்தப் பூப்பை வைத்துத்தான். ‘நாலு பூ கண்டவள்’ என்றால் பெரியவள். இடைவெளி நீண்டால் ஒரே வயதுக்காரர் பெருகிவிடுவார்கள். யாருக்கு வாரிசுரிமை என்ற தகராறு தானாகவே முளைக்கும்.

படி 3: கருப்பொருளை நிரப்புங்கள்

நோட்டில் எட்டுத் தலைப்புகளை எழுதி ஒவ்வொன்றாக நிரப்புங்கள். இந்தப் படிக்கு மட்டும் அவசரம் வேண்டாம்.

பறவையாக நான் இருவாட்சியை எடுத்தேன். மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாட்சிகளும் பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் வழியாக ஆண் பறவை இரை கொடுக்கும். இதைப் பார்த்து வளர்ந்த பொந்தரிடமும் அந்த வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளைப் பொந்தில் வைத்து வாசலை மண்ணால் பூசுவார்கள். கணவன் சமைத்து ஊட்டாவிட்டால் ஊரே அவனைக் கேட்கும். பறவைக்கும் இவர்களுக்கும் வேண்டியது ஒரே பொந்து என்பதால் உரசலும் உண்டு.

பறைக்குத் தோல் தேவையில்லை. பெருமரங்களின் அடியில் பலகைபோல் விரிந்து நிற்கும் வேரைக் கட்டையால் அடித்தால் சத்தம் காட்டுக்குள் நெடுந்தூரம் போகும். தொழில் தேனெடுப்பு. மலைத்தேனீ கூடு கட்டும் துவாலாங் மரம் 80 மீட்டர்கூட வளரும். கெடாவில் தேன் எடுப்பவர்கள் நிலவில்லாத இரவில் ஏறி, நெருப்புப் பொறியை உதிர்த்துவிடுவார்கள். தேனீக்கள் பொறியைத் துரத்திக் கீழே போகும். பொந்தருக்கும் அமாவாசைதான் வேலைநாள்.

தெய்வத்தைக் கடைசியில் எழுதுங்கள். மற்றவை நிரம்பிய பிறகு அது தானாக வரும். பொந்தர் கும்பிடுவது அத்தியை அல்ல. அத்திக்குள் செத்துப்போன மரத்தை. எந்த வீட்டிலும் முதல் கவளம் நடுவிலுள்ள அந்த வெற்றிடத்துக்கு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மலைகளில் தெமியார், செமாய் பூர்வகுடி மக்கள் உண்மையாகவே வாழ்கிறார்கள். அவர்களின் சேவாங் ஆட்டத்தையோ சடங்கையோ எடுத்துக் கற்பனைக் குள்ளர்களுக்கு மாட்டிவிடாதீர்கள். மரமும் பறவையும் நமக்குப் போதும். இன்னொருவர் வழிபாட்டை விளையாட்டுப் பொருளாக்கும் உரிமை நமக்கு இல்லை.

படி 4: சக்தி கொடுத்தால் எல்லையும் கொடுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகில் கோஸ்ட்வைஸ் என்ற காட்டுக் குறுமக்கள் உண்டு. வாய் திறக்காமல் மனத்தோடு மனம் பேசுவார்கள். ஆனால் 30 அடிக்குள்தான், ஒரு நேரத்தில் ஒருவரோடுதான், இருவருக்கும் பொதுவான மொழி இருந்தால்தான். இந்த மூன்று தடைகளில்தான் சுவை இருக்கிறது. ஒருவரோடுதான் பேச முடியும் என்றால் ஊர்க்கூட்டம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள், ஒரு முழுச் சடங்கே கிடைக்கும்.

ஆந்தைமேல் சவாரி வேண்டுமா? செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க மரப்பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கூகை அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 18 கிலோவைச் சுமக்காது. ராட்சத ஆந்தை வேண்டுமானால் அது எதைத் தின்னும் என்றும் எழுதுங்கள்.

படி 5: உரிப்பொருள்

ஒரே ஓர் உணர்வு போதும். பொந்தரின் வீடு செத்த மரத்தின் இடம். அத்தியும் ஒருநாள் சரியும். நிற்கும் வீடு தமதில்லை என்று தெரிந்தே அதை மெழுகிக் கோலமிட்டு வாழ்கிறார்கள். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பங்களின் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! இந்த உணர்வை நமக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டாம். உங்கள் இனத்துக்கும் உங்களுக்குத் தெரிந்த வலியையோ மகிழ்ச்சியையோ கொடுங்கள். கடன் வாங்கிய உணர்வு மேசையில் உடனே தெரிந்துவிடும்.

படி 6: மேசையில் சோதித்துப் பாருங்கள்

பெயர்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். கழை, அகில், வேரல் என்று காட்டுப் பொருள்களையே வைக்கலாம். பிறகு நண்பர் ஒருவரை உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விருந்தாளி வந்தால் முதலில் என்ன கொடுப்பார்கள்? திருடியவனை என்ன செய்வார்கள்? எதைக் கண்டால் ஓடுவார்கள்? நோட்டைப் புரட்டாமல் நிலத்தை நினைத்தே பதில் வந்தால் இனம் ஆட்டத்துக்குத் தயார். எந்தக் கேள்வியில் திணறினீர்களோ, அதற்குரிய கருப்பொருளுக்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு வரி சேர்த்துவிட்டு வாருங்கள்.